வீரய்யாவின் கணக்கில் வராத வாரி

ஓர் ஊரே சேர்ந்து ஒரு வாய்க்காலை இல்லை என்று வைத்துக்கொண்டு வாழ முடியும் என்பதை, வீரய்யா வீட்டுப் பந்தியில் கறிச்சோறு தின்றுகொண்டிருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருஷம் ஆகியும் அந்த அதிர்ச்சி முழுசாக இறங்கவில்லை.

நான் ஆத்மநாதன். ஆவுடையார்கோயில் பக்கத்துக்காரன். புதுக்கோட்டையில் பாசன வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் ஓவர்சியர். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள்; அங்கே இருப்பவர்கள் இன்னும் என் மேலதிகாரிகள். வீரய்யாவும் நானும் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள். அவன் கணக்கு எடுத்தான், நான் கணக்குக்குப் பயந்து வேறு எடுத்தேன்.

அவன் ஊர் நடுப்பட்டி, குடுமியான்மலைக்குக் கிழக்கே. அப்பா ஆண்டியப்பன் ஊர் அம்பலம், அதாவது ஊர்த்தலைவர். அவர் தொண்டையைச் செருமினால் ஊர் எழுந்து நிற்கும். தாயில்லாத பிள்ளையை வளர்த்தது அக்கா காத்தாயி. அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் கீழேந்தல், நடுப்பட்டியிலிருந்து கூப்பிடு தூரம். கீழேந்தல் கண்மாய்க் கரையின் அடிவாரத்தில் வரிசையாகக் கூரை வீடுகள் இருக்கின்றன. கரையிலிருந்து குதித்தால் கூரையில் விழலாம், அவ்வளவு நெருக்கம். அதில் முதல் வீடு காத்தாயியுடையது. இந்தக் கதையில் ஆபத்தில் இருந்தது அந்த வீடுகள்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த 1948இல் வீரய்யா பள்ளிக்கூடத்துப் பையன். "இன்னையிலருந்து சமஸ்தானம் கெடையாது, எல்லாம் புதுச்சட்டம்" என்று வாத்தியார் அறிவித்திருக்கிறார். இவன் எழுந்து, "அப்ப நேத்து வரைக்கும் போட்ட கணக்கெல்லாம் செல்லுமா சார்?" என்று கேட்டு, கன்னத்தில் வாங்கிக்கொண்டான். கிண்டலுக்குக் கேட்கவில்லை என்று எனக்குச் சத்தியம் செய்தான். ஒரு விதி மாறினால் பழைய விடை நிற்குமா என்று அந்த வயதிலேயே உண்மையாகக் கவலைப்பட்டிருக்கிறான். பிற்பாடு அந்தக் கவலைக்கே அவனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கம்ப்யூட்டர் என்கிற கணக்கு மெஷின் வந்து இறங்கியிருந்தது. வீரய்யாவுக்கு அங்கே வேலை. ஒருமுறை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குக் குளிர்சாதனம் வேறு. ஆனால் ஞாபகம் மட்டும் கைப்பிடி அளவுதான் என்றான். இவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு சின்ன ஞாபகமா என்று நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், அவன் சிரிக்கவில்லை.

நாம் எழுதும் சூத்திரத்தை அந்த மெஷினுக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தருவதற்குக் கம்பைலர் என்று ஒன்று உண்டு. அதைத் திருத்துவதும் சோதிப்பதும் வீரய்யாவின் வேலை. கைப்பிடி ஞாபகத்துக்குள் பெரிய கணக்குகளை எப்படி அடக்குவது என்பதுதான் அவன் தலைவலி. ஒரு லீவில் வந்தவன் எங்கள் பக்கத்துக் கண்மாய்களையே உதாரணமாக வைத்து எனக்கு விளக்கினான். கண்மாய்கள் சங்கிலி மாதிரி. மேலே இருக்கும் பெரியகண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் நடுப்பட்டிக் கண்மாய்க்கு வரும்; அது நிறைந்தால் கீழேந்தலுக்குப் போகும். இதைக் கணக்காகப் போட வேண்டுமானால் ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு வரிசை எண்கள் வேண்டும், மழைக்காலத்தில் ஒவ்வொரு நாளும் எவ்வளவு வழிந்தது என்று. வெளியே ஒரு சுற்று, கண்மாய் கண்மாயாக இறங்கும். அதற்குள்ளே இன்னொரு சுற்று, நாள் நாளாக நகரும்.

"இப்பப் பாரு ஆத்மா. கீழேந்தலுக்குக் கணக்குப் போடும்போது நடுப்பட்டி வரிசை மட்டுந்தானே வேணும்? பெரியகண்மாய் வரிசைய இனிமே எவன் கேக்கப்போறான்? அந்த எடத்தச் சுத்தமாத் தொடைச்சிட்டுக் கீழேந்தல அங்க ஒக்கார வச்சிரலாம்" என்றான்.

எத்தனை கண்மாய் இருந்தாலும் இரண்டு வரிசைக்கு மட்டும் இடம் இருந்தால் போதும் என்று கம்பைலரே முடிவு செய்யும்படி அவன் மாற்றியிருந்தான். இந்தச் சிக்கனம் விடையைக் கெடுக்கிறதா என்று சோதிக்க வேண்டுமே? அதற்குத் தனக்குக் கைரேகை மாதிரித் தெரிந்த சங்கிலியையே எடுத்துக்கொண்டான். பெரியகண்மாய், நடுப்பட்டி, கீழேந்தல் என்ற அந்த மூன்றுக்குமான கணக்கை, எல்லா வரிசையையும் வைத்துக்கொண்டு ஒருமுறையும், இரண்டே வரிசை வைத்து மறுமுறையும் ஓட்டினான். எண்ணுக்கு எண் ஒத்துப்போனது. வேறு சில கணக்குகளையும் போட்டுப் பார்த்து, கம்பைலர் சரி என்று கையெழுத்துப் போட்டான்.

அடுத்து நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. 1966இல் வறட்சி நிவாரணம் என்று எங்கள் அலுவலகம், சமஸ்தானத்துச் சர்வே மேப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு, தூர்ந்துபோன வாரிகளையெல்லாம் வெட்டித் திறந்தது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலைத்தான் எங்கள் பக்கம் வாரி என்போம். அதே சமயத்தில் கீழேந்தல்காரர்கள் கலிங்கை உயர்த்தித் தரச்சொல்லி மனுமேல் மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்துபோகிற கல்தளம்தான் கலிங்கு. அதில் நட்டிருக்கும் குத்துக்கற்களுக்கு இடையே சுவர் எழுப்பினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும், இன்னும் கொஞ்சம் வயல் விளையும். ஆனால் வெள்ளம் அதிகமாக வந்தால் வழிய இடமில்லாமல் கரை உடையும். தாங்குமா தாங்காதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. "டேட்டாவ அனுப்புடா, மெஷின்ல போட்டுத் தாரேன்" என்றான் வீரய்யா. குடுமியான்மலைப் பக்கத்துச் சங்கிலி முழுவதற்கும், புதிதாகத் திறந்த வாரிகளையும் சேர்த்து, அனுப்பிவைத்தேன். மெஷினுக்குப் பெயரெல்லாம் வேண்டாம் என்றதால் கண்மாய்க்கு ஓர் எண், வாரிக்கு ஓர் எண்.

விடை மடிப்பு மடிப்பாக நீளமான காகிதத்தில் வந்தது. கீழேந்தல் கலிங்கை உயர்த்தலாம், ஆபத்தில்லை என்றது. எங்கள் எஞ்சினியர் அந்தக் காகிதத்தைக் கல்யாணப் பட்டுச்சேலை மாதிரித் தடவித் தடவிப் பார்த்தார். "புதுசா ஒரு வாரி தெறந்திருக்கோமே, அந்தத் தண்ணியும் சேர்த்தியா?" என்று என்னிடம் கேட்கவும் கேட்டார். சேர்த்துத்தான் அனுப்பினேன் என்றேன். ஆவணி கடைசிக்குள் குத்துக்கற்களுக்கு நடுவே சிமெண்டுச் சுவர் எழுந்தது. கீழேந்தலில் எங்களுக்கு மாலை போட்டார்கள்.

ஐப்பசி பிறந்ததும் நடுப்பட்டி அய்யனாருக்குக் கிடாவெட்டு. வீரய்யா லீவில் வந்திருந்தான், என்னையும் அழைத்திருந்தான். ஆண்டியப்பன் வீட்டு வாசலில் பந்தி. அம்பலம் நடுவில், ஊர்ப் பெரியவர்கள் இரு பக்கமும், நாங்கள் இருவரும் ஓரத்தில். காத்தாயி குழம்பு வாளியோடு வந்துகொண்டிருந்தாள்.

வீரய்யா குஷியாக இருந்தான். சாப்பிட்டு எழுந்தவர்களின் இலைகளை எடுத்துவிட்டு அதே இடத்தில் புது இலை போடுவதைக் காட்டி, "இதாண்டா நான் செஞ்சது. ஊருக்கே எலை போட வாசல் பத்துமா? ரெண்டு வரிசை எடந்தான். ஒரு பந்தி எந்திரிச்சா அடுத்த பந்தி" என்றான்.

நானும் குஷியில், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்: "ஒன் புண்ணியத்துலதான் நாங்க குமரி வாரியத் தொறந்து விட்ட பொறவும் தைரியமாக் கலிங்க ஒசத்தியிருக்கோம்."

அவ்வளவுதான். ஒரு நிமிஷம் நான் ஏதோ கெட்டவார்த்தை பேசிவிட்டேன் என்றே நினைத்தேன். பந்தியில் ஒரு கையும் அசையவில்லை. குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த காத்தாயியின் கரண்டி அப்படியே நின்றது. ஆண்டியப்பன் என்னைப் பார்க்கவில்லை. பாதிச் சோறு இருந்த இலையை மடித்தார், எழுந்தார். அவர் எழுந்ததும் பந்தி மொத்தமும் இலையை மடித்துக்கொண்டு எழுந்தது.

வீரய்யா என் கையைப் பிடித்து வைக்கோல்போருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். அவன் முகம் சுண்ணாம்பாகியிருந்தது.

"அந்தப் பேரு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மேப்புல போட்டிருக்குடா. பெரியகண்மாயிலருந்து நடுப்பட்டியச் சுத்திக்கிட்டு நேராக் கீழேந்தலுக்குப் போகுது. கோடையில தொறந்தோம். ஒனக்கு அனுப்புன கணக்குலயும் இருக்கே. என்னடா ஆச்சு ஒங்க ஊருக்கு?"

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஊருக்கு என்ன ஆச்சு என்பதை முதலில் சொன்னான். அவன் பாட்டன் காலத்தில் அந்த வாரிக்காக நடுப்பட்டியும் கீழேந்தலும் வெட்டிக்கொண்டன. நடுப்பட்டியைத் தொடாமல் தண்ணீர் போவதா என்று இவர்கள் அடைத்தார்கள், அவர்கள் உடைத்தார்கள். கடைசியில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு ஊர்ப்பக்கம் நின்று மண்வெட்டியால் வெட்டிக்கொண்டு ஒரே நாளில் செத்தார்கள். அந்தப் பிணங்களை எடுப்பதற்கு முன்னால் இரண்டு ஊரும் வாரியின் தலையைக் கல்போட்டு மூடி, அய்யனார் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தன. இனி அந்த வாரி கிடையாது, அதன் பெயரை எடுப்பவன் ஊரில் கிடையாது. சத்தியத்தைக் காக்கிற பொறுப்பு அம்பலத்தின் வீட்டுக்கு.

"சின்ன வயசுல அங்கிட்டு ஆடு மேய்ச்சிருக்கேன். பள்ளமாக் கெடக்கும். 'அந்தப் பக்கம்'னு சொல்லுவோம், அவ்வளவுதான். வாரின்னு எனக்குத் தோணவே இல்ல ஆத்மா. தோணக்கூடாதுன்னுதானே வளர்த்தாங்க" என்றான்.

எனக்கு இன்னொன்று விளங்கவில்லை. கோடையில் ஆட்களை விட்டு வெட்டினோமே, ஊர் ஏன் தடுக்கவில்லை? அதற்கு அவன் சொன்ன பதிலில் எனக்குத் தலை சுற்றியது. தடுக்க வேண்டுமானால் மனுக் கொடுக்க வேண்டும். மனுவில் வாரியின் பெயரை எழுத வேண்டும். அதனால் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். கண்ணெதிரே ஒரு வாய்க்கால் வெட்டப்படுவதை இரண்டு ஊர்க்காரர்களும் பார்க்காமலேயே இருந்திருக்கிறார்கள்! இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"சரி, சத்தியம் போகட்டும். நீ ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுற?" என்று கேட்டேன்.

அவன் எழுந்து போய் நாலைந்து வாழையிலையும் ஒரு கை புளியங்கொட்டையும் கொண்டுவந்தான். இரண்டு இலைகளை அடுத்தடுத்துப் போட்டான். முதல் இலையில் கொட்டைகளைப் பரப்பினான், பெரியகண்மாய். அதைப் பார்த்து இரண்டாவது இலையில் கொஞ்சம் வைத்தான், நடுப்பட்டி. "இப்பக் கீழேந்தல். மூணாவது எலைக்கு எடமில்ல. என்ன செய்வேன்? மொத எலையத் தொடைப்பேன்" என்று முதல் இலையில் இருந்ததையெல்லாம் கையால் வழித்துத் தள்ளினான். நடுப்பட்டி இலையைப் பார்த்துக் கீழேந்தலுக்கு உண்டான கொட்டைகளை அங்கே வைக்கப் போனவன் நிறுத்தினான்.

"இப்ப ஒன் வாரி வருது. பெரியகண்மாய்லருந்து நேராக் கீழேந்தலுக்கு எவ்வளவு தண்ணின்னு கேக்குது. எங்க பாக்கணும்?"

நான் முதல் இலையைக் காட்டினேன். காட்டிய விரல் அப்படியே நின்றுவிட்டது. அந்த இலையைத்தான் அவன் துடைத்திருந்தானே.

"சைபர். பெரியகண்மாயிலருந்து வாரிக்கு ஒரு சொட்டுத் தண்ணி வரலன்னு மெஷின் எடுத்துக்கிருச்சு. எந்த வாரி எங்கிருந்து வருதுங்கிறது டேட்டாவுல இருக்கு. கம்பைலர் அதப் பாக்காது. பக்கத்து வரிசைதான் வேணும்னு நெனச்சு அழிச்சிருச்சு. நான் சோதிச்ச சங்கிலியில ஒருத்தரத் தாண்டி ஒருத்தருக்குப் போற வாரியே இல்ல. ஒத்துப்போகாம என்ன செய்யும்?"

குமரி வாரியை நாங்கள் திறந்துவிட்டோம், அதில் தண்ணீர் வராது என்று நம்பிக் கலிங்கையும் அடைத்துவிட்டோம். கீழேந்தல் கரைக்குக் கீழே இருக்கும் கூரைகள் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. வானம் அப்போதே இருட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் எஞ்சினியர் முன்னால் நின்றோம். நாங்கள் சொன்னதையெல்லாம் அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "அவ்வளவு பெரிய மெஷின் தப்பாச் சொல்லுமாய்யா?" என்றார்.

"மெஷின் தப்பாச் சொல்லல சார். மறந்துரு மறந்துருன்னு அதுக்கு நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றான் வீரய்யா.

"அப்ப மெட்ராஸ் போயி மறுபடி ஓட்டி, புது ரிசல்ட்டக் கொண்டாங்க. அரசாங்கச் செலவுல கட்டுன சொவத்த வாய்வார்த்தைக்கு இடிக்க முடியுமா?"

வெளியே வரும்போதே தூறல் விழுந்தது. புயல் சின்னம் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். மெட்ராஸ் போய், மெஷினுக்கு முறை வந்து, ஓட்டித் திரும்புவதற்குள் மழை ஓய்ந்து வெயிலே அடித்துவிடும். அன்று இரவெல்லாம் மழை. விடிந்ததும் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கடப்பாரையோடு கீழேந்தல் கலிங்குக்குப் போனோம். அரசாங்க ஊழியன் அரசாங்கச் சுவரை இடிக்கக் கடப்பாரை தூக்கிப்போனேன் என்பதை இப்போது எழுதும்போதும் எனக்கே நம்ப முடியவில்லை.

இடிக்க விடுவார்களா? சேதி பரவி, ஊரே கரைமேல் திரண்டது. சுவரின் மேல் முதலில் ஏறி நின்றவள் காத்தாயி. மழையில் நனைந்த சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தம்பியைப் பார்த்துக் கத்தினாள்.

"எங்க தண்ணியக் கடலுக்கு வழிச்சு ஊத்த வந்தியாடா? வருசக்கணக்கா மனுப்போட்டு வாங்குன சொவருடா இது! பொறந்த ஊரு ஆளுங்க யாராச்சும் ஏவி விட்டாங்களா?"

வீரய்யா மெஷின், வரிசை, மறதி என்று தொடங்கினான். கூட்டத்தில் ஒருவன் சிரித்தான், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். "தண்ணி எங்கிருந்துடா வரும், அதச் சொல்லு" என்றாள் காத்தாயி.

அதற்குள் நடுப்பட்டிப் பக்கத்திலிருந்து ஆண்டியப்பன் வந்துவிட்டார், பின்னால் ஊர்க்காரர்கள். பந்தியில் நடந்ததற்குப் பிறகு மகன் என்ன சொல்லப்போகிறான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கூட்டம் வழிவிட்டது.

"வீட்டுக்கு வா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வீரய்யா அப்பாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அவள் காலுக்குப் பின்னால் கண்மாய்த் தண்ணீர் சுவரின் பாதிக்கு ஏறியிருந்தது.

"குமரி வாரியில வரும்க்கா. தொறந்து கெடக்கு. பெரியகண்மாய் வழிஞ்சா நேரா இங்கதான் வரும். குமரி வாரி!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

பெண்கள் சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஆண்டியப்பன் குனிந்து கரையில் ஒரு புல்லைப் பிடுங்கினார். அதை இரண்டாகக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். மகன் இல்லை என்று அர்த்தம். அவர் திரும்பி நடந்தார், நடுப்பட்டி அவர் பின்னால் நடந்தது.

காத்தாயி சுவரிலிருந்து இறங்கினாள். அவள் குரலே மாறியிருந்தது.

"எந்தம்பி வேற எதச் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். இந்தப் பேர எடுத்துப் பொய் சொல்ல எவனுக்கும் நாக்கு வராது" என்று ஊரைப் பார்த்துச் சொன்னாள். "என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? இடிங்க!"

என்னை ஒதுக்கிவிட்டுக் கீழேந்தல்காரர்களே இடித்தார்கள். அவர்கள் ஆசையாகக் கேட்டு வாங்கிய சுவர். சாயங்காலத்துக்குள் குத்துக்கற்கள் மட்டும் மொட்டையாக நின்றன.

மறுநாள் மதியம் பெரியகண்மாய் வழிந்தது. குமரி வாரியில் தண்ணீர் வந்ததை நான் கரைமேல் நின்று பார்த்தேன். செம்மண் கலந்த தண்ணீர், ஈச்சம்புதர்களை வேரோடு உருட்டிக்கொண்டு, எத்தனையோ காலமாக ஒருவரும் திரும்பிப் பார்க்காத அந்தப் பள்ளத்திலிருந்து வந்தது. பலர் அதைப் பார்த்து அழுதார்கள். பயத்திலா, வேறு எதிலா என்று எனக்குத் தெரியவில்லை. சுவர் இல்லாத கலிங்கு முழுசாக வழிந்தும் கண்மாய் ஏறிக்கொண்டே போனது. கரை விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்ததும் சிலர் பேச ஆரம்பித்தார்கள். "கர தாங்கிருச்சே, சொவரு இருந்திருந்தாலும் தாங்கியிருக்கும்" என்றார்கள். அவர்கள் கன்னத்தில் நாலு அறை விடலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. காத்தாயி கலிங்குக்குப் போனாள். குத்துக்கல்லில் ஒட்டியிருந்த சிமெண்டுத் தழும்பின் உச்சியில் கையை வைத்தாள். சுவர் நின்றிருந்தால் தண்ணீர் கூடுதலாக ஏறியிருக்கும் அந்த உயரத்தைக் கண்ணாலேயே கரைமேல் கொண்டுபோய், கரையைத் தாண்டி, தன் வீட்டுக் கூரையில் நிறுத்தினாள். "ஆத்தாடி" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

எழுந்ததும் வீரய்யாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். ஊர்விலக்கானவனுக்குச் சோறு போட்டால் பிறந்தவீடு அவளுக்கும் கிடையாது. தெரிந்துதான் போட்டாள்.

அவன் சென்னைக்குப் போய், தன் கம்பைலரில் பிழை இருக்கிறது என்று தானே சொன்னான். திட்டினார்களாம், வேலையை விட்டு அனுப்பவில்லையாம். எந்த வரிசை இன்னும் தேவைப்படும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அழிக்கக்கூடாது என்று அதைத் திருத்தினான். வேறு யாராவது ஒரு கணக்கைக் கொடுத்தால், அதில் ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்குப் போவது இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பானாம். நடுப்பட்டிக்கு அவன் வரவில்லை, வரவும் முடியாது. எனக்கு எழுதும் கடிதங்களில் அப்பாவைப் பற்றி மட்டும் விசாரிப்பான்.

போன வருஷம், 1969 தை மாதம், கீழேந்தல் கலிங்கை அளக்கப் போயிருந்தேன். கரைமேல் காத்தாயி தலைவிரிகோலமாக நின்றாள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் நடுப்பட்டிச் சுடுகாட்டில் புகை எழுந்துகொண்டிருந்தது.

"ஓவர்சியர் தம்பி, அது எங்கப்பா. பொகையப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சிச்சு" என்றாள்.

பெற்ற மகளுக்குக் கூப்பிடு தூரத்திலிருந்து சொல்லியனுப்பவில்லை. இப்படியும் செய்வார்களா என்று நான் நினைப்பதற்குள் இருளாயி வந்தாள். அம்பலத்தைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்ட பெண் அவள். நடுப்பட்டிக்காரர்கள் சுடுகாட்டில் இருக்கும் நேரம் பார்த்துக் கரையோரமாக ஓடி வந்திருந்தாள்.

"ஒங்கள ஒதுக்கி வச்சதுனால சொல்லாம இல்லக்கா" என்று மூச்சு வாங்கினாள். "அம்பலம் கடைசியா ரெண்டு நாளும் ஒரே பேச்சுத்தான். 'குமரி வாரியில தண்ணி வருது. எம்மவன் கீழ கலிங்குல நிக்கிறான். போயி அவனக் கர ஏத்துங்கடா'ன்னு கத்துனாரு. ஊருக்கே கேட்டுச்சு. வந்தா ஒங்க காதுலயும் விழுந்துரும்ல, அதான் சொல்லியனுப்பல. கத்த விடக்கூடாதுன்னு ஊர்க்காரங்கதான் வாயில துணிய வச்சு அமுக்கிட்டாங்க. எடுக்கவே இல்லக்கா."

காத்தாயி புகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நான் புதுக்கோட்டைக்கு வந்து சென்னைக்கு டிரங்க் கால் போட்டேன். அப்பா செத்ததைச் சொன்னேன். கடைசியாக மகனைத் தேடினார், அந்த வாரியின் பெயரைச் சொன்னார் என்றேன்.

"முழுசாச் சொல்லு ஆத்மா. எதையும் விட்டுறாத" என்றான் வீரய்யா.

துணியைப் பற்றியும் சொன்னேன்.